சந்தன வாசம் அடித்த பெல்ட்

பூந்தமல்லியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் இறங்கி ஏறியதும் கார் 'கீ...ச்' என்று கத்த ஆரம்பித்தது. ரோட்டோரம் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் ஓங்கிய கத்தியோடு அப்படியே நின்றுவிட்டார். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை. நாலரைக்கு ராகு காலம். அதற்குள் நசரத்பேட்டையில் பெண் வீட்டில் இருந்தாக வேண்டும். வண்டியை ஓட்டியவன்தான் மாப்பிள்ளை: என் மச்சான் தேவா, என் மனைவி சித்ராவின் தம்பி. அவனுக்கு இது ஒன்பதாவது இடம். முந்தைய எட்டும் தட்டிப்போயிருந்தன. அவன் வாங்கிய அந்த செகண்ட் ஹேண்ட் காரைப் பார்த்து ஓகே சொன்னவன் நான்.

நானோ அம்பத்தூரில் இருபத்தேழு வருஷம் மெக்கானிக் வேலை பார்த்தவன். 'காது செல்வம்' என்றால்தான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் தெரியும். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே பேரிங்கா, பெல்ட்டா என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தோம். எஞ்சினின் முன்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாக நுரை!

"மாமா, எஞ்சின் குளிச்சிகினு கீது!" என்றான் தேவா.

பின்சீட்டில் சித்ராவோடு உட்கார்ந்திருந்த என் மாமியார் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி வந்தார். ஒரு விரலால் நுரையைத் தொட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"இது தொவைக்கிற சோப்பு இல்ல மாப்ள. குளிக்கிற சோப்பு. சந்தன சோப்பு."

எனக்குத் தலை கிர்ரென்றது. பத்து நாளுக்கு முன் விற்றவரின் ஷெட்டில் இதே பானெட்டைத் திறந்தபோது சந்தன வாசம் கமகமவென்று வந்ததே! பேட்டரி மேல் சந்தனம், குங்குமம். ரேடியேட்டருக்கு ஒரு பொட்டு. "டெய்லி பூஜ போடுவேன் சார்" என்றார் அவர். எஞ்சினும் சத்தமே இல்லாமல் ஓடியது. பக்தியுள்ள ஆள், வண்டியைச் சாமி மாதிரி வைத்திருக்கிறார் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக ஓகே சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனுஷன் பெல்ட்டின் சத்தத்தை அமுக்க சோப்பைத் தேய்த்து, சோப்பு வாசத்தை மறைக்கப் பொட்டு வைத்திருக்கிறார்!

"காது காதுன்னு பீத்திக்கினீங்களே, அன்னிக்கு மூக்கு இன்னா பண்ணிகினு இருந்திச்சி?" என்றாள் சித்ரா. மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கோபம் வர வேண்டிய எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தேவா மட்டும் வாட்ச்சைப் பார்த்து அழுகிற மாதிரி நின்றான்.

சோப்பு நனைந்ததால் பெல்ட் வழுக்குகிறது. வழுக்கினால் அல்டர்னேட்டர் சரியாகச் சுற்றாது, பேட்டரி சார்ஜ் ஏறாது. அதுவரை புரிந்தது. ஆனால் சோப்புப் போடும் அளவுக்குப் பெல்ட்டை முதலில் கத்த வைத்தது எது?

எஞ்சினை நிறுத்திவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றிப் பெல்ட்டைக் கழுவித் துடைத்தேன். ஸ்டார்ட் செய்தால் பழையபடி 'கீச் கீச்'. கை எட்டாத தூரத்திலிருந்து பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். கப்சிப். பத்து எண்ணுவதற்குள் மறுபடி கீச். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் லூஸ் என்று பார்க்கலாம். அடங்கிவிட்டுத் திரும்பி வந்தால், பெல்ட் ஓடும் புல்லிச் சக்கரங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அல்டர்னேட்டர் புல்லி ஒரு நூல் வெளியே தள்ளி நின்றது. முன்னால் அதைக் கழற்றி மாட்டிய எவரோ வெளிப்பக்கம் போட வேண்டிய வாஷரை உள்பக்கம் போட்டிருக்கிறார். அவ்வளவுதான் சமாசாரம்! என் ஸ்பேனர் செட் டிக்கியில் இருந்தது, நல்லவேளை.

"நீ கிட்ட போவாத! சட்டைல கரி பட்டுச்சி, அவ்ளோதான்!" என்று மாமியார் தேவாவை இளநீர்க்காரர் பக்கத்திலேயே நிற்க வைத்தார். நான் போல்ட்டைத் தளர்த்தி, வாஷரை இடம் மாற்றி, டென்ஷன் வைத்து முடுக்கினேன். தேவா ஓடி வந்து ஸ்டார்ட் செய்தான். சத்தம் இல்லை. பேட்டரி விளக்கும் அணைந்தது. "அண்ணாத்தே, ஷோரூம் வண்டி மாதிரி கீது!" என்றார் இளநீர்க்காரர். சந்தோஷத்தில் எனக்கு ஆடலாம் போலிருந்தது.

நாலு இருபதுக்குப் பெண் வீட்டு கேட் முன்னால் நின்றோம். யாரும் வெளியே வரவில்லை. தேவா போய்க் கதவைத் தட்டலாமா என்று தயங்கும்போதே கேட் திறந்தது. நைட்டியும் தலையில் துண்டுமாக, பால் பாக்கெட் வாங்கக் கூடையோடு வந்தவள்தான் பெண், மீனா. எங்களைப் பார்த்ததும் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"அய்யோ! இப்டியா சத்தமே இல்லாம வந்து நிப்பீங்க?"

முழங்கை வரை கரியோடு நின்ற என்னைத் தேவா கைகாட்டினான்.

"சத்தம் இருந்திச்சிங்க. இவுருதான் இப்ப எடுத்தாரு."

துண்டுக்குள்ளிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு. அவனும் சிரித்துவிட்டான். உள்ளே போய் பஜ்ஜி சாப்பிட்டதெல்லாம் சும்மா ஒப்புக்குத்தான். கல்யாணம் அந்த கேட்டிலேயே முடிவாகிவிட்டது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளே, பழைய வண்டி பார்க்கப் போனால் காதை மட்டும் நம்பாதீர்கள். எஞ்சினை ஆஃப் செய்துவிட்டு, ஈர விரலால் பெல்ட்டைத் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தால் விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் மாமியார். அவர் இதுவரை ஸ்பேனரைத் தொட்டதில்லை.