பச்சை மரவள்ளி இலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் தங்குவதற்காக அப்பா என்னைப் பெரியம்மாவின் பண்ணையில் கொண்டுபோய் விட்டார். அம்மாவுக்குப் பெட்டாலிங் ஜெயா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பண்ணை தெலுக் பங்லிமா காராங்கைத் தாண்டி, ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்தது. இருபது மாடுகள், அதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் செம்மறி ஆடுகள். அதுவரை நான் பக்கத்தில் பார்த்திருந்த ஒரே மிருகம் எதிர்வீட்டுப் பூனைதான்.

முதல் நாள் மாலை, மேய்ந்துவிட்டு மாடுகள் மொத்தமாகத் திரும்பியபோது நான் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக்கொண்டேன். கடைசி மாடு கட்டப்படும்வரை இறங்கவில்லை. “டவுன் பிள்ளைலா, என்ன பண்ணும்!” என்று பெரியப்பா சிரித்தார். ஆடுகளிடம் எனக்கு அந்தப் பயம் இல்லை. அவைதான் என்னைக் கண்டு பயந்தன. பலகைக் கொட்டகையில் நான் காலடி வைத்ததும் எல்லாம் மறுமூலைக்கு ஓடிவிடும். புதிதாகக் குட்டி போட்டிருந்த ஒரு தாய் ஆடு மட்டும் ஓடாமல் நின்று, முன்னங்காலால் பலகையைத் தட்டி என்னை முறைக்கும். ஊருக்குப் போவதற்குள் அது என் கையிலிருந்து ஒரு வாயாவது தின்றுவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

மூன்றாம் நாள் பெரியம்மா ஆடுகளின் தீவனத் தொட்டியில் மரவள்ளி இலையைப் போட்டார். ஆடுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு தின்றன. அந்த இலையை அவர் நாள்கணக்கில் சாக்கின்மேல் பரப்பி வாடவைத்திருந்தது எனக்குத் தெரியாது. “நீயா எதையும் குடுக்காத. என்னைக் கேட்டுட்டுக் குடு” என்று வந்த அன்றே சொல்லியிருந்தார். பெரியவர்கள் சும்மா சொல்லும் நூறு விஷயங்களில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பெரியம்மா பால் கறந்துகொண்டிருந்தார். பெரியப்பா புல் அறுக்கப் போயிருந்தார். கொட்டகைக்குப் பின்னால் மரவள்ளி செழித்து நின்றது. இளங்கொழுந்தாகப் பார்த்து ஒரு கை நிறைய ஒடித்தேன். தாய் ஆடு முதலில் தயங்கியது, பிறகு வந்தது. அதன் உதடு என் உள்ளங்கையில் வெதுவெதுப்பாகப் பட்டது. இன்னும் இரண்டு ஆடுகள் வந்தன. இன்னும் ஒரு கை நிறைய இலை ஒடித்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. தாய் ஆடு தலையைத் தொங்கப்போட்டு வேகவேகமாக மூச்சு வாங்கியது. வாயில் நுரை. பிறகு கால் மடங்கிச் சாய்ந்தது. மற்ற இரண்டும் தள்ளாடின. குட்டி ஒன்றும் புரியாமல், படுத்திருந்த தாயின் மடியை முட்டிக்கொண்டிருந்தது.

பெரியம்மா ஓடிவந்து தாய் ஆட்டின் தலையை மடியில் தூக்கிவைத்துக்கொண்டார். பெரியப்பா திரும்பி வந்தவர், பார்த்ததுமே கைப்பேசியில் மாட்டு டாக்டரைக் கூப்பிட்டார். முந்தின நாள்தான் தோட்டத்து ஆட்கள் களைக்கு மருந்து தெளித்திருந்தார்கள். “மருந்து அடிச்ச புல்லத் தின்னுருச்சு போல டாக்டர், சீக்கிரம் வாங்க” என்று கத்தினார். அறுத்து வைத்திருந்த புல்லையெல்லாம் வாரி வெளியே எறிந்தார்.

நான் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை கழுவினாலும் பச்சை வாடை போகவில்லை. சொன்னால் அப்பாவைக் கூப்பிடுவார்கள். போலீஸைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள். சொல்லாவிட்டாலும் டாக்டர் வந்து சரியாக்கிவிடுவார். இப்படியே எனக்குள் சொல்லிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அந்த ஆட்டின் மூச்சுச் சத்தம் குழாயடிவரை கேட்டது. அதற்குமேல் நிற்க முடியவில்லை. போய்ப் பெரியம்மாவின் காதருகில் குனிந்தேன்.

“பெரியம்மா, நான் மரவள்ளி இலை குடுத்தேன்.”

“காஞ்சதா, பச்சையா?”

“பச்சை.”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரும்பிக் குரலை உயர்த்தினார். “ஏங்க, டாக்டருக்குத் திரும்பப் போன் பண்ணுங்க. மருந்து இல்ல, பச்சை மரவள்ளி வெஷம். நான்தான் காலையில அவசரத்துல போட்டுட்டேன்.”

டாக்டர் அதற்குரிய ஊசியோடு வந்தார். இரண்டு ஆடுகள் மத்தியானத்துக்குள் எழுந்து நின்றுவிட்டன. தாய் ஆடு எழவில்லை. “கொஞ்சம் முன்னமே சொல்லியிருந்தா இதையும் காப்பாத்தியிருக்கலாம்லா, அக்கா” என்றார் டாக்டர். பெரியம்மா தலையை மட்டும் ஆட்டினார்.

“இத்தன வருஷமா ஆடு வளக்கிற, இதுகூடவா தெரியாது உனக்கு?” பால் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே பெரியப்பா திட்டினார். பெரியம்மா வாளியைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு லேசானது. பெரியவர்கள் திட்டு வாங்கினால் அவ்வளவாக வலிக்காது என்று நினைத்தேன்.

மீதி மூன்று நாளும் தாயில்லாத குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கும் வேலை எனக்கு. பெரியம்மா புட்டியைக் கையில் கொடுப்பார். கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். இப்போது கேட்பார், இப்போது திட்டுவார் என்று ஒவ்வொரு தடவையும் எதிர்பார்ப்பேன். அப்பா கூட்டிப்போக வந்தபோது பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். “பிள்ள நல்ல ஒத்தாசையா இருந்துச்சு” என்றார்.

நாலு வருடம் கழித்து, கிள்ளானில் ஒரு கல்யாணப் பந்தி. சொந்தக்காரர்கள் சூழ்ந்திருக்க, பெரியப்பா அந்தக் கதையை எடுத்தார். ஆடு வளர்க்கிறவளே பச்சை மரவள்ளியைப் போட்டு ஆட்டைக் கொன்ற கதை. குடும்பத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் அது வந்துவிடும். பந்தியே சிரித்தது. பெரியம்மாவும் சிரித்தார். நான் அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் இலையைப் பார்த்தார், பரிமாறுகிறவரைப் பார்த்தார், வாசல் பக்கம் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவேயில்லை.

பாவம், நடந்ததை மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நிம்மதியாகப் பாயசத்தைக் குடித்தேன்.