மாப்பிள்ளை எங்கே?

தரை கழுவும் திரவத்தின் எலுமிச்சை மணம் எங்கே வந்தாலும் எனக்கு ஒரு பாட்டுக் கேட்கத் தொடங்கிவிடும். ஜெர்மனியின் எசன் நகரில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அம்மா துப்புரவு செய்த பள்ளிக்கூடத்தின் நீண்ட நடைக்கூடத்தில், கூட வேலைசெய்த ரொடிக்கா அன்ரி தரை துடைத்தபடி பாடுவார். மூலையில் வீட்டுப்பாடம் எழுதும் எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் பேனா நின்றுவிடும்.

ருமேனியாவின் வடக்கே ஒரு மலைக் கிராமத்தில் பிறந்த அவர், பதினாறு வயதில் கல்யாண வீடுகளில் பாடத் தொடங்கி, தானே பாட்டுக் கட்டி, வானொலியில் பெயரெடுத்து, இரண்டு கவிதைப் புத்தகங்களும் போட்டவர். அங்கே மணமகள் பிறந்த வீட்டை விட்டுப் புறப்படும்போது அவளை அழவைப்பதற்கென்றே ஒரு பாட்டு உண்டாம். அதைத்தான் நடையிலும் பாடுவார். "நான் பாடி அழாத மணமகள் இல்லை" என்பதில் அவருக்குத் தலைகால் தெரியாத பெருமை. ஆனால் கணவரின் வேலைக்காக ஜெர்மனிக்கு வந்தபின், மொழி விளங்காதவர்களுக்குப் பாடி என்ன பயன் என்று மேடையையே விட்டிருந்தார்.

அவரை மறுபடி மேடையேற்றிவிட வேண்டும் என்பது அம்மாவின் தீராத ஆசை. நான் பெரியபிள்ளையானதும் மண்டபம் எடுத்துச் "சாமத்திய வீடு" என்ற பூப்பு விழா வைத்தபோது, "மகளுக்கு விழா, நீங்கள்தான் பாட வேண்டும்" என்று தன் அரைகுறை ஜெர்மன் மொழியில் விடாப்பிடியாகக் கேட்டார். இரண்டு கிழமை யோசித்துத்தான் அன்ரி தலையாட்டினார்.

அன்று பூவேலைச் சட்டையோடு மேடையேறியவர், பட்டுச்சேலையும் நெற்றிச்சுட்டியும் மாலையுமாக அமர்ந்திருந்த பதின்மூன்று வயது என்னைக் கண்டதும் பேயறைந்ததுபோல் நின்றார். பிறகு ஒலிவாங்கியிலேயே ஜெர்மனில் முழங்கினார்: "மாப்பிள்ளை எங்கே? இது குழந்தை! நான் பாடமாட்டேன், பொலிசைக் கூப்பிடுவேன்!"

முன்வரிசையில் என் வகுப்புத் தோழிகள் வேறு. எனக்கு மானமே போய்விட்டது.

அம்மா ஓடிவந்து, "மாப்பிள்ளையும் இல்லை, ஒருத்தரும் இல்லை அக்கா! பிள்ளை வளந்திட்டாள், அவ்வளவுதான்!" என்று தமிழும் ஜெர்மனுமாகக் கத்தினார். அன்ரி நம்பவில்லை. கடைசியில் நானே எழுந்து, "எனக்குத் திங்கட்கிழமை கணக்குச் சோதனை இருக்கிறது" என்று ஜெர்மனில் சொன்னேன்.

அவர் சிரித்த சிரிப்பில் மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை வரவில்லை, கணக்குச் சோதனைதான் வருகிறது என்று ஜெர்மனில் அந்த இடத்திலேயே ஒரு பாட்டுக் கட்டிப் பாட, மாமாமார் மேசையில் தாளம் போட, பெரியம்மாமார் எழுந்து ஆடிவிட்டார்கள். "அழவைக்கிற பாட்டு இவளின் கல்யாணத்துக்கு" என்றார் அன்ரி, இறங்கும்போது. "ஓம் அக்கா, அப்ப பாடுங்கோ. இப்ப வந்து சாப்பிடுங்கோ" என்றார் அம்மா. அதன்பிறகு எங்கள் பக்கத்தில் அவர் பாடாத தமிழ் விழா குறைவு. மூன்றாவது கவிதைப் புத்தகமும் வந்தது.

இன்று அந்த மண்டபம் தளபாடக் கடை. ரொடிக்கா அன்ரி காலமாகி இரண்டு ஆண்டுகள். போன கோடையில் என் கல்யாணம் முடிந்து நான் புறப்படும் நேரம், அம்மா ஒலிவாங்கியை வாங்கி, "மாப்பிள்ளை எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூட நடையில் கேட்டுக் கேட்டே பாடமாக்கிய அந்த மணமகள் பாட்டை, பாதிச் சொல் உடைந்த ருமேனிய மொழியில் பாடினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கண்மை கரையக் கரைய அழுதேன்.