மில்லை யார் நிறுத்தியது?

போன செவ்வாய்க்கிழமை திருவிடைமருதூரில் நன்றாகத் திட்டு வாங்கினேன். நல்லது செய்யப் போய் வாங்கிய திட்டு. அதனால் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது.

திட்டியவர் இசையமைப்பாளர் மாசிலாமணி. பெயரைப் படித்ததும் உங்களில் பாதிப் பேர் 'யார் அது?' என்பீர்கள். மீதிப் பேர் — கொஞ்சம் வயதானவர்கள், குறிப்பாகக் கும்பகோணம் பக்கத்துக்காரர்கள் — 'அட, அவர் இன்னும் இருக்காரா?' என்பீர்கள். இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. மகள் செல்வி வீட்டில் இருக்கிறார்.

நாலைந்து படங்களுக்குத்தான் இசையமைத்தார். படங்கள் ஓடவில்லை, பாட்டுகள் ஓடின. நான் காலேஜுக்குப் போன டவுன் பஸ்ஸில் அவர் பாட்டைப் போடாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். கிளாரினெட் ஒரு பக்கம் போகும். டிரம்ஸ் சற்றுப் பின்தங்கி இழுக்கும். 'என்னடா இது, தாளம் தப்பிவிட்டதா?' என்று பதறும் நேரத்தில் இரண்டும் ஒன்றாக வந்து நிற்கும். அதில் இருப்பது ஜாஸ் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஜன்னலுக்கு வெளியே நடவு முடிந்த வயல்கள் ஓட, நாங்கள் பாட்டுக்குத் தொடையில் தட்டிக்கொண்டு போவோம். அந்த பஸ்ஸில் இன்னும் ஒரு தடவை ஏறிவிட மாட்டோமா என்று எனக்கு இப்போதும் ஏக்கம் உண்டு.

வலங்கைமானில் பேண்டு செட் வாசித்தவருக்கு ஜாஸ் எப்படி வந்தது? சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தது! மைக் செட் வைத்திருந்த காஜா பாய்க்கு அங்கே கடை வைத்திருந்த மாமா ஒருவர். அவர் கொண்டுவந்த இசைத்தட்டுகளும் ஒரு டேப் ரெக்கார்டரும் காஜா பாயிடம் இருந்தன. கிளாரினெட் வாசிக்கும் மாசிலாமணியும், டிரம்பெட் ஊதும் அவர் தம்பி தங்கராசுவும் பாயைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள்.

"நம்ம பேண்டுல கல்யாணம்னா சிரிக்கணும், சாவுன்னா அழுவணும். அந்த ரெக்கார்டுல ஊதறவன் ரெண்டையும் ஒரே மூச்சுல பண்றான் சார்! எங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிடுச்சு" என்று மாசிலாமணி மாஸ்டர் ஒருமுறை என்னிடம் சொன்னார். ஜாஸுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து சில மெட்டுகள் போட்டார்கள். காஜா பாயின் ரெக்கார்டரில் பதிவும் செய்தார்கள். பிறகு அண்ணன் சென்னைக்கு வாய்ப்புத் தேடிப் போனார். முதல் படம் கிடைப்பதற்குள் தம்பியை மஞ்சள் காமாலை கொண்டுபோய்விட்டது. டிரம்பெட்டோடு ஒரு போட்டோகூட இல்லை.

"என்னைவிட அவன்தான் பெரிய வித்துவான்." போகிறவர் வருகிறவரிடமெல்லாம் மாஸ்டர் இதைச் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவோம். செத்துப்போன தம்பியை யார்தான் உயர்த்திப் பேசமாட்டார்கள்? "அப்பாவுக்கு சித்தப்பான்னா உசுரு சார். அதான் அப்படிச் சொல்றார்" என்று செல்வியே என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருக்கிறார்.

இப்படி இருக்கும்போதுதான் வலங்கைமானிலிருந்து போன் வந்தது. காஜா பாயின் மகன் ஜபருல்லா. இப்போது சவுண்ட் சர்வீஸை அவர்தான் நடத்துகிறார்.

"அண்ணே, அத்தாவோட பழைய ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ள ஒரு சுருள் டேப் கெடக்கு. மாசிலாமணி மாஸ்டரோடதா இருக்கும்போல."

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "தங்கராசு ஊதுனது அதுல இருக்குமா?"

கவனியுங்கள்... தன்னுடைய கிளாரினெட்டைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

டேப்பைச் சென்னைக்கு எடுத்துப்போய் என் அக்கா மகன் பிரவீனிடம் கொடுத்தேன். சவுண்ட் இன்ஜினியர். கெட்டிக்காரன். "மாமா, உள்ள மியூசிக் இருக்கு. ஆனா பின்னாடி ஏதோ மெஷின் ஓடுது, ஒரே இரைச்சல். கவலைப்படாதீங்க, கிளீன் பண்ணிடலாம்" என்றான். பண்ணினான். ஹெட்போனில் கேட்டேன். நேற்று வாசித்த மாதிரி பளிச்சென்று இருந்தது. சந்தோஷத்தில் அவனுக்குப் பிரியாணி வாங்கிக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை. ஜபருல்லா தன்னிடமிருந்த நல்ல ஸ்பீக்கரை காரில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மாஸ்டர் தேய்த்த வெள்ளைச் சட்டையில், கச்சேரிக்கு உட்காருகிறவர் போல உட்கார்ந்திருந்தார். செல்வி எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். பென் டிரைவைச் செருகினேன்.

கிளாரினெட் அருமையாக ஆரம்பித்தது. அடுத்து டிரம்பெட் வந்தது... ஒரு துளி தாமதமாக. சரி, முதல் தடவை. மறுபடியும் வந்தது. மறுபடியும் தாமதம். பஸ் கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடிவருகிறவரைப் பார்க்கிற மாதிரி இருந்தது. செல்வி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். ஜபருல்லா தேவையே இல்லாமல் ஸ்பீக்கர் ஒயரைச் சரிசெய்தார். பெரிய வித்துவான் என்று மாஸ்டர் ஆயுசு முழுக்கச் சொல்லிவந்த தம்பி, அவர் மகள் காதுபடத் தடுமாறிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றார் மாஸ்டர்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "சின்ன வயசுதானே மாஸ்டர்... அந்த வயசுக்கு நல்லாவே ஊதியிருக்கார்" என்றேன்.

பிடித்துக்கொண்டார்.

"மில்லு எங்க?"

"எந்த மில், மாஸ்டர்?"

"மில்லு ஓடணுமே! மில்ல யாரு நிறுத்துனது?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்கு வயதாகிவிட்டதே என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். நல்லவேளையாக ஜபருல்லாவுக்குப் பொறி தட்டியது. பதிவு செய்த காலத்தில் காஜா பாய் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. ரெக்கார்டரை ஓட்ட வேண்டுமென்றால் அவருடைய மாமனாரின் ரைஸ் மில்லுக்குத்தான் போகவேண்டும். மாமனாரோ, அரைக்க நெல் இருந்தால்தான் மெயின் சுவிட்சையே போடுவார். அதனால் நெல் அரைபடும்போதே, அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் பதிவு.

"பெல்ட்டு அறுந்து ஒட்டுப் போட்டிருந்துச்சு" என்றார் மாஸ்டர். "ஒவ்வொரு சுத்துக்கும் அந்த ஒட்டு சக்கரத்து மேல வந்து 'டப்'புனு விழும். அன்னிக்கு டிரம் அடிக்கிறவன் வரல. 'அண்ணே, பெல்ட்டே அடிக்குதே, தனியா டிரம் எதுக்கு?'ன்னான் தங்கராசு. அது விழட்டும்னு காத்திருந்து, விழுந்த அப்புறந்தான் ஊதுவான். அதுதான் சார் அவன் வாசிப்பு! என் தம்பி லேட்டா வரல. நீங்க மில்ல நிறுத்திட்டீங்க!"

அதற்கு மேலும் திட்டினார். அதையெல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது.

ஆக, டவுன் பஸ்ஸில் நாங்கள் தொடையில் தட்டிக்கொண்டு போன அந்த இழுப்பு... சென்னை டிரம்மர்களிடம் மாஸ்டர் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கியது... வலங்கைமான் மில்லின் ஒட்டுப் போட்ட பெல்ட்! சுத்தம் செய்கிறோம் என்று நாம் எதையெல்லாம் துடைத்துப் போடுகிறோம், பாருங்கள். போட்டோவில் சுருக்கத்தை எடுக்கிறோம். முகமும் சேர்ந்து போய்விடுகிறது.

பிரவீனுக்குப் போன் போட்டேன். "கிளீன் பண்ணாதது இருக்காடா?"

"இருக்கு மாமா. ஆனா காது குடுத்துக் கேக்க முடியாது."

"பரவாயில்ல, அனுப்பு."

அனுப்பினான். ஸ்பீக்கரில் இரைச்சல் கிளம்பியது. அதற்குள்ளிருந்து 'டப்'... 'டப்'... மாஸ்டரின் குதிகால் தானாக அசைந்தது. கிளாரினெட் வந்தது. 'டப்' விழுந்தது. அதன் முதுகில் ஏறி வந்தது டிரம்பெட்.

தாமதமா? ஒரு இம்மிகூட இல்லை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. செல்வி வாயைப் பொத்திக்கொண்டார். "அப்பா... சித்தப்பாவா இது?" என்றார். மாஸ்டர் எங்களோடு இல்லை. மில்லில் இருந்தார்.

மெட்டு முடிந்தது. பிரவீன் கொடுத்த சுத்தமான பதிவு அந்த இடத்தோடு நின்றுவிடும். மீதியை வெறும் பேச்சு என்று வெட்டியிருக்கிறான். இதில் மில் ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று, இரைச்சலுக்கு மேலே ஓர் இளைஞனின் குரல் உரக்கக் கேட்டது.

"அண்ணே! சரியா வந்துச்சா?"

அத்தோடு டேப் முடிந்தது. காஜா பாய் அணைத்திருக்க வேண்டும். வீட்டில் அவ்வளவு அமைதி. ஆனாலும் மாஸ்டர் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, மில் ஓடும்போது பேசுகிறவர் மாதிரியே தொண்டை கிழியக் கத்தினார்:

"வந்துச்சுடா தம்பி!"

வெளியே வந்ததும் பிரவீனுக்கு ஒரு வரி மெசேஜ் அனுப்பினேன்: 'திட்டு உனக்கும் சேர்த்துத்தான்.'