குறுக்கே அல்ல, நெடுக

நான் சொன்னது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் மற்றவர்களுக்குத்தான்.

ஓசூரில், ஸ்கூட்டர் பேட்டரியின் சூட்டைக் கடத்தும் மெல்லிய தாள்கள் செய்கிற சிறிய கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. தாள் என்றால் கிராஃபீன். ஓர் அணு கனமே உள்ள கரி ஏடுகளை அடுக்கி அழுத்தியது. அந்த ஷெட்டில் இருந்த ஒரே ஏ.சி. அறை என்னுடையது. அங்கே இரண்டு கணினிகளும் நானும். திரையில் ஓர் ஏட்டை அணு அணுவாகக் கட்டி, இடது ஓரத்தைச் சூடாக்கி, வலது ஓரத்தைக் குளிரவைத்து, நடுவே எவ்வளவு வெப்பம் ஓடுகிறது என்று கணக்கிடுவேன். மத்தூரில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் அப்பாவிடம் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல கரிய சூடு பண்ணுது எங்க பொண்ணு" என்பார். இதைவிடச் சுருக்கமாக எனக்கும் சொல்லத் தெரியாது.

சுத்தமான ஏட்டில் வெப்பம் பறக்கும். ஆனால் தாள் வார்க்கத் தண்ணீரில் போட்டால் அந்த ஏடு கலக்காது, கட்டி கட்டியாக நிற்கும். அதனால் அதன்மேல் ஆக்சிஜனை ஒட்டவைப்பார்கள். ஒட்டிவிட்டால் தோசை மாவு மாதிரி சமமாகப் பரவும், தாள் வழவழவென்று வரும். புரொடக்‌ஷன் மேனேஜருக்கு அந்த வழவழப்பில் அப்படி ஒரு பெருமை. என் கணக்கு அதில்தான் கைவைத்தது. ஒட்டிய ஒவ்வோர் ஆக்சிஜனும், சந்தை நாளில் பாகலூர் ரோட்டில் குறுக்கே நிறுத்திய வண்டி. வெப்பம் முட்டி முட்டிச் சிதறுகிறது. தாள் செய்தபின் உலையில் வைத்து ஆக்சிஜனை விரட்டிவிட வேண்டும் என்று ரிப்போர்ட் எழுதினேன்.

மேனேஜர் பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, லைனில் கன்னடம், என்னிடம் தமிழ்.

"ஏம்மா, கஷ்டப்பட்டு ஒட்ட வெக்கிறது, அப்பறம் கஷ்டப்பட்டு பிடுங்கறது. எதுக்கோசரம்?"

"சூடு போறதுக்கோசரம் சார்" என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டு விதமாகவும் தாள் செய்து பாருங்கள் என்றார் முதலாளி. கூடவே இன்னொன்றும் சொன்னார். என் கணக்கு தப்பினால் இனி இங்கே கணக்கு வேலையே கிடையாது. என்னைத் தரச் சோதனைக்கு மாற்றிவிட்டு, ஏ.சி. அறையை மேனேஜருக்குக் கொடுத்துவிடலாம். கெமிக்கல் டிரம்களை அடுக்க அவருக்கு அந்த அறைமேல் நெடுநாளாகவே ஒரு கண்.

எங்களிடம் உலை இல்லாததால் என் தாளை வெளியே கொடுத்துச் சுட்டு வாங்கினோம். சோதனையில் அது தோற்றது. கொஞ்சநஞ்சமாக அல்ல, மானம் போகிற மாதிரி. மேனேஜர் வந்தார். என் வாசலில் நின்று அறையைக் கண்ணால் அளந்தார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் முந்திக்கொண்டதால் எழுந்து சோதனை மேசைக்குப் போனேன்.

அங்கே என் தாள் ஒரு சூடான தட்டுக்கும் ஒரு குளிர்ந்த தட்டுக்கும் நடுவே நசுங்கிக்கிடந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. இந்தக் கம்பெனி ஆரம்பித்ததே பேட்டரிக்கு அடியில் வைக்கிற ரப்பர் பேட் செய்யத்தான். பேடில் சூடு மேலிருந்து கீழே, குறுக்கே இறங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் எது வந்தாலும் இவர்கள் இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்திவிடுவார்கள். எங்கள் தாளில் சூடு நெடுக ஓடி, பேட்டரிப் பெட்டியின் சுவருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆக்சிஜன் வெளியேறும்போது ஏடுகள் அப்பளம்போல் உப்பி இடைவெளி விடும். குறுக்கே சூடு எப்படி இறங்கும்? எந்தத் திசை என்று ரிப்போர்ட்டில் நானும் எழுதவில்லை. என் திரையில் வெப்பத்துக்கு இடமிருந்து வலம் தவிர வேறு திசையே கிடையாது.

டீ நேரத்தில் இரண்டு தாளிலும் ஒரே அளவில் பட்டை வெட்டினேன். ஒரு முனை சூடான தட்டில். மேசைக்கு வெளியே நீட்டிய மறு முனையில், கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியைச் சொட்டி, பட்டைக்கொரு குண்டூசியை ஒட்டித் தொங்கவிட்டேன்.

"பள்ளிக்கூடத்துல பண்ணதுதானேம்மா இது?" என்று மேனேஜர் சிரித்தார்.

"அதேதான் சார். பாருங்க."

என் பட்டையின் ஊசி முதலில் விழுந்தது. அவருடையது, டீ டம்ளர் காலியான பின்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அந்த மெழுகைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் கெட்டியாவே இருக்குது" என்றார். முதலாளியைக் கூப்பிட அவரே போனார். எனக்கு அங்கேயே ஒரு குத்தாட்டம் போடலாம்போல் இருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். கணக்கு வேலை தொடரட்டும், உலையும் நாமே வாங்கிவிடலாம் என்றார்.

"ஒலைய எங்க சார் வெக்கிறது? எடமே இல்லியே" என்றார் மேனேஜர்.

ஷெட் முழுக்க மனதுக்குள் சுற்றிவந்தேன். லைன், டிரம், பேக்கிங் என்று எல்லாம் நிரம்பிக்கிடந்தது. தூசியில்லாத, காலி செய்யக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான். அது எது என்று மூவருக்கும் தெரியும். அவ்வளவு நாள் அந்த அறைமேல் கண் வைத்திருந்த மேனேஜர், இப்போது என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

"என் ரூம்ல வெச்சுக்கோங்க சார்" என்றேன்.

இப்போது என் கணினிகள் ஸ்டோரில், டிரம்களுக்கு நடுவே. மேனேஜர் தன் கையால் ஒரு ஃபேன் மாட்டிக்கொடுத்தார். ஆனாலும் வேர்த்துக் கொட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் உலை. இங்கே என் திரையில் ஓர் ஆக்சிஜனை எடுத்துவிட்டால், சில நாளில் அங்கே தாளிலிருந்து அது நிஜமாகவே போய்விடுகிறது.