தூங்க வந்தவர்கள்

கள்ளக்குறிச்சியில் பேருந்து கிளம்பும்போது, மழையில் நனைந்த கூரைப்புல் ஏற்றிய டிராக்டர் ஒன்று சன்னலை உரசிக்கொண்டு போனது. அந்த வாசனையில், கல்வராயன் மலைக்காட்டில் அப்பா மண்ணும் மூங்கிலுமாகக் கட்டிய வீடு அப்படியே எழுந்து நின்றது. எங்களுக்கென்று கட்டியதில் வெளியூர் விருந்தாளிகள் காசு கொடுத்துத் தங்க ஆரம்பித்ததும், நாங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு மாறினோம். ஒருமுறை வந்த பட்டணத்து அம்மா, கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்த இரண்டு பகலும் தூங்கிக்கொண்டே இருக்க, நான் பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வெதுவெதுப்பாக வந்தது.

"இன்னாம்மா, தூங்கறதுக்கா இவ்ளோ தூரம் வந்தாங்க?"

"அவங்க ஊர்ல தூக்கம் கம்மிடி. எழுப்பாத" என்றாள் அம்மா.

தூக்கத்தைக்கூடத் தருமா ஒரு வீடு என்று கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன்.

அந்த வீடு மழையில் கரைந்து வருடங்களாகிவிட்டன. எனக்கும் இப்போதெல்லாம் தூக்கம் வருவதில்லை.

"சின்னசேலம் வந்துடுச்சும்மா, கடைசி ஸ்டாப்பு, எறங்குங்க" என்று கண்டக்டர் எழுப்பியபோதுதான், என் ஊர் எப்போதோ தாண்டிப்போனது தெரிந்தது.