ஏரி நிரம்பிய வருஷம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், நான் முகமறியாத ஒருவர், எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் எல்லோரும் பஞ்சத்தில் கஞ்சிக்காக மதம் மாறியவர்கள் என்று இணையக் குழுவில் எழுதினார்.
2. எங்கள் குடும்பம் அப்படி அல்ல என்பதற்கு நான் ஐந்து காரணங்கள் எழுதினேன்.
3. ஐந்தாவது காரணத்துக்குச் சபைப் பதிவேட்டிலிருந்து ஆதாரம் தருகிறேன், கிடைக்காவிட்டால் தவறு என்று இங்கேயே ஒத்துக்கொள்கிறேன் என்றும் சேர்த்து எழுதினேன்.
4. பதிவேட்டைப் பார்த்தேன்.
5. நான் சொன்னது தவறு.
6. அதை எழுதாதே என்றார் நைனா, என் அப்பா.

முதல் ஐந்தும் பத்து நாளைக்குள் முடிந்துவிட்டன. ஆறாவதோடு மூன்று வாரம் இருந்தேன்.

அப்போது நான் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் ஹார்டுவேர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. என்னிடம் படித்தவர்கள் ஆறு மாதத்தில் பெங்களூருக்கும், அங்கிருந்து ஒரு வருஷத்தில் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நிலையத்தில் ஒரே ஒரு டெலிபோன் இணைப்பு. மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அதை மோடத்தில் மாட்டிக்கொள்ள எனக்கு அனுமதி இருந்தது. டிபன் பாக்ஸைக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன பிள்ளைகளில் ஒருவன் அறிமுகப்படுத்திய அந்தக் குழுவைத் திறப்பேன். ஊரைவிட்டுப் போன சித்தூர் ஜில்லாத் தமிழர்களுக்கான குழு. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவோம். நடுநடுவே தெலுங்கு வரும். யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான்.

முதலில் அது வேலை, விசா விசாரிக்கிற இடமாக இருந்ததாம். நான் போனபோது உலகச் சரித்திரமாக ஆகிவிட்டிருந்தது. கடவுள் இருக்கிறாரா என்று திங்கள்கிழமை ஆரம்பித்தால், புதன்கிழமை அலெக்ஸாண்டர் ஏன் திரும்பிப் போனார் என்பதில் நிற்கும். நான் எதையும் எண் போட்டுத்தான் எழுதுவேன். பழுதான கம்ப்யூட்டரைப் பார்க்கிற பழக்கம் அது: முதலில் மின்சாரம், பிறகு கேபிள், பிறகு மெமரி. அதனால் எனக்கு 'லிஸ்ட் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

"லிஸ்ட் மேடம் வந்துட்டாங்க. எல்லாரும் வரிசையா உக்காருங்கப்பா," என்று எழுதுவார் வடமாலபேட்டை அண்ணன். வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக். கடவுள் நம்பிக்கை இல்லாதவர். எந்தச் சண்டையிலும் தோற்கிறவர் பக்கம் போய் நின்றுகொள்வார்.

சந்திரகிரிக்காரர் வேறு மாதிரி. அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலை. எதை எடுத்தாலும் விஜயநகரத்தில் கொண்டுபோய் முடிப்பார். தன் முன்னோர் சந்திரகிரிக் கோட்டையில் படைத்தலைவர்களாக இருந்தவர்கள் என்று மாதம் ஒருமுறையாவது எழுதிவிடுவார். கெட்டவர் இல்லை. என் தங்கை கல்யாணத்துக்கு நான் ஒரு வாரம் வராமல் இருந்தபோது, மேடம் எங்கே என்று முதலில் கேட்டவர் அவர்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பேச்சு, மனிதர்கள் மதத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்கிறார்களா என்பது. சந்திரகிரிக்காரர் எழுதினார்: "யோசனையாவது ஒண்ணாவது! நம்ம ஜில்லாவையே பாருங்க. தாது வருஷப் பஞ்சத்துல கஞ்சி ஊத்தினாங்க, போய்ச் சேந்தாங்க. அவ்ளோதான் தத்துவம்."

நான் கிறிஸ்தவள் என்பது அவருக்குத் தெரியாது. இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஐந்து காரணங்கள் தட்டினேன். முதல் நான்கும் பொதுவானவை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, தெருவில் நடக்கிற உரிமை, படிக்கிற ஆசை. ஐந்தாவது எங்கள் வீட்டுக் கதை.

அதை நைனா சொல்லித்தான் கேட்க வேண்டும். நைனா குடிபாலா பக்கம் மின்சார இலாகாவில் லைன்மேன். ஒவ்வொரு வருஷமும் அறுப்பின் பண்டிகை அன்று, எங்கள் சபையின் சித்தூர்க் கோயிலில் எழுந்து, குடும்பம் வேதத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்வார். என் தாத்தாவின் தாத்தா அடுத்தவர் மாட்டை மேய்த்தவர். சித்தூர்ச் சந்தையில் ஒருவர் புளியமரத்தடியில் வேதப் புத்தகம் வாசிப்பதைத் தூர நின்று கேட்டார். மூன்று வாரம் கேட்டார். நான்காம் வாரம் கிட்டே போய், "என்னெ மாதிரி ஆளு இத்தப் படிக்கலாமா?" என்று கேட்டார். இந்த இடத்தில் நைனா துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். பிறகு முத்தாய்ப்பு: "அந்த வருஷம் எங்க ஏரி ரொம்பிக் கடைவாசல்ல தண்ணி வழிஞ்சு போச்சு. வூட்ல நெல்லு இருந்துச்சு. பசின்னு வரல எங்க கொள்ளுத்தாத்தா. எழுத்துன்னு வந்தாரு." மற்ற குடும்பத்துப் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். நைனா முதல் வரிசையில் போய் உட்கார்வார். எங்களுக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது. அந்தச் சபையில் எங்களுக்கு இருந்த இடம் அந்தக் கதை வாங்கிக்கொடுத்தது.

ஏரி நிரம்பிய வருஷம் என்றால் பஞ்சத்துக்கு முன்னால் என்றுதானே அர்த்தம்? அதைத்தான் ஐந்தாவதாக எழுதினேன். பதிவேடு இருக்கிறது, தேதி காட்டுகிறேன் என்றேன்.

"சபாஷ்," என்றார் வடமாலபேட்டை அண்ணன். "சந்திரகிரி சார், ஓடிப் போயிடாதீங்க."

அடுத்த சனிக்கிழமை சித்தூரில் இறங்கிப் போதகர் வீட்டுக்குப் போனேன். அவர் பீரோவைத் திறந்து, தோல் அட்டை போட்ட பெரிய ஞானஸ்நானப் பதிவேடுகளை மேசைமேல் வைத்துவிட்டு, "கை கழுவிக்கினு தொடும்மா, தாள் உதுருது," என்று சொல்லிப் போய்விட்டார். பஞ்சத்துக்கு முந்திய பதிவேட்டை முதலில் பார்த்தேன். ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். இல்லை. அடுத்ததை எடுத்தேன். தாது வருஷத்துக்கு அடுத்த வருஷம், அதாவது 1877, மழை பொய்த்துப்போன இரண்டாவது வருஷம், ஒரு பக்கம் முழுக்க எங்கள் தெரு. ஒரே நாள், ஒரே கையெழுத்து, நாற்பத்து மூன்று பேர். பத்தொன்பதாவது பெயர் தாத்தாவின் தாத்தாவுடையது. முன் பெயர், புதுப் பெயர், வயது, ஊர், தகப்பன் பெயர். இருபதாவது அவர் மனைவி. இருபத்தொன்று, இருபத்திரண்டு பிள்ளைகள். இருபத்திரண்டுக்கு எதிரே, வேறு மையில், மரித்தது என்று ஒரு சொல். அடுத்த மாதத் தேதி.

இரண்டுமுறை சரிபார்த்தேன். நோட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு குடிபாலாவுக்குப் பஸ் ஏறினேன்.

நைனா வாசலில் ஸ்டூல் போட்டு இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பிரித்துப் படித்தேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"ஏரி ரொம்பின வருஷம்னு எங்க நைனா சொன்னாரே."

"பதிவேட்ல ஏரி பத்தி ஒண்ணும் இல்ல நைனா. ஒரே நாள்ல தெருவே போயிருக்கு. சின்னப் புள்ள ஒண்ணு அடுத்த மாசமே செத்திருக்கு."

"சரி. பாத்துட்ட இல்ல. மூடி வச்சிட்டு வா."

"எழுதறேன்னு சொல்லிட்டேன்."

"யாரண்ட சொன்ன?"

"அந்தக் குரூப்ல."

"அவன் மூஞ்சி தெரியுமா ஒனக்கு?"

"தெரியாது."

"மூஞ்சி தெரியாதவங்கிட்ட குடுத்த வாக்கு பெருசு. பெத்தவன் பேச்சு இன்னா, காத்துல போற பேச்சா?"

அவர் ஒரு திருகாணியைக் கழற்றிப் பெட்டியின் மூடியில் வைத்தார்.

"நம்ம சபைப் புள்ளைங்க பாதிப் பேரு வெளிநாட்டுல அதத்தான் பாத்துக்கினு கீறாங்க. அவங்க வூட்டுக்குப் போன் போட்டுச் சொல்ல மாட்டாங்களா? அடுத்த பண்டிகைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு எழுந்து நிக்கறது?" என்றார். பிறகு இஸ்திரிப் பெட்டியிடம் சொல்வதுபோல், "ஸ்கூல்ல எங்கள கஞ்சித்தொட்டின்னு கூப்புடுவானுங்க," என்றார்.

எனக்கு அப்போதுதான் பெரிய வெள்ளி ஞாபகம் வந்தது. மூன்று மணி ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். துவையலோடு சபை முழுக்க உட்கார்ந்து குடிக்கும். எங்கள் குடும்பம் மட்டும் கடைசிப் பாட்டு முடிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடும். வீட்டில் சோறு இருக்கிறது என்பார் நைனா. சின்ன வயதில் அழுதிருக்கிறேன். ஒருமுறை அடியும் வாங்கியிருக்கிறேன்.

"அதுனாலதான் பெரிய வெள்ளிக் கஞ்சிய நாம குடிக்கறதில்லியா நைனா?"

"எங்க நைனா குடிக்கல. நான் குடிக்கல. ஏன்னு நான் கேட்டதில்ல," என்றார். "நீயும் கேக்காத."

திருப்பதிக்குத் திரும்பி ஒரு செவ்வாய்க்கிழமை சும்மா இருந்தேன். அடுத்த செவ்வாயும் குழுவைத் திறந்துவிட்டு மூடினேன். எழுதாமல் விட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்பது எனக்கே தெரிந்தது. ஆனால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகு மதர்போர்டைக் குறைசொல்கிற பயிற்சி எனக்கு இல்லை. எழுதினால் நைனாவை எல்லோர் முன்னாலும் பொய்யராக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். யோசித்துப் பார்த்தபோது, அப்படி ஒரு கட்டாயம் இல்லை என்று தோன்றியது. குழுவில் ஏரி பற்றிச் சொன்னது நைனா இல்லை, நான். கேட்ட கதையைத் தேதி பார்க்காமல் ஆதாரமாக நீட்டியதும் நான்.

மூன்றாவது செவ்வாய் இப்படி எழுதினேன்:

"ஒன்று, பதிவேட்டைப் பார்த்தேன். இரண்டு, ஞானஸ்நானத் தேதி பஞ்சத்தின் நடுவில் இருக்கிறது. மூன்று, அதனால் என் ஐந்தாவது காரணம் தவறு. சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. நான்கு, அந்தப் பதிவேட்டில் பெயருக்கும் வயதுக்கும் ஊருக்கும் கட்டம் இருக்கிறது. ஏன் வந்தார் என்பதற்குக் கட்டம் இல்லை. ஐந்து, பசியோடு வந்தவர் புத்தகத்துக்காகவும் வந்திருக்க முடியாது என்று யாராவது நிரூபித்தால், அதையும் ஒத்துக்கொள்கிறேன்."

அனுப்பிவிட்டுப் பார்த்தேன். குழு அதற்குள் ரோமாபுரிக்குப் போய்விட்டிருந்தது. ஈயக் குழாயில் தண்ணீர் குடித்துத்தான் ரோமாபுரி அழிந்ததா என்று அறுபது கடிதம் ஓடியிருந்தது. என் கடிதத்துக்கு மூன்றே பதில்கள்.

சந்திரகிரிக்காரர்: "மேடம், நான் ஏதோ ஒரு பேச்சுக்கு எழுதினது. நீங்க நிஜமாவே போய்ப் பாத்தீங்களா?"

வடமாலபேட்டை அண்ணன்: "சார், நீங்களும் கோட்டைக்குப் போய் உங்க படைத்தலைவரத் தேடிட்டு வாங்க. நாங்க இங்கயே இருக்கோம்."

மறுபடி சந்திரகிரிக்காரர்: "எங்க வீட்ல பதிவேடே இல்ல அண்ணா. எங்க தாத்தா சொன்னதுதான்."

அதற்குப் பிறகு கோட்டைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஈயக் குழாய் பற்றி என் அபிப்பிராயம் கேட்டார். ஏழு குறிப்புகள் எழுதினேன்.

நைனாவுக்கு வேறு யாரும் சொல்லுமுன் நானே சொல்ல வேண்டும் என்று, என் கடிதத்தை அச்செடுத்து சனிக்கிழமை கொடுத்தேன். கண்ணாடியை மாட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ் அவருக்குப் புதிது. கண் ஆஸ்பத்திரியில் பலகை வாசிப்பதுபோல் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"இத்த வச்சிக்கினு எப்பிடி நீங்க சண்ட வேற போடறீங்க?" என்றார். கடைசிவரை படித்தார். மூன்றாவது குறிப்புக்குத் திரும்பிப் போனார்.

"எங்க நைனா சொன்னாருன்னு போடல?"

"இல்ல. நான் சொன்னது தப்புன்னுதான் போட்டிருக்கேன்."

"ஒத்துக்கினது நீ மட்டும்."

"ஆமா."

தாளை நான்காக மடித்தார். அந்த மாதம் முழுக்க என்னோடு அதிகம் பேசவில்லை. யாரும் போன் செய்து கேட்டதாகவும் தெரியவில்லை.

அடுத்த பெரிய வெள்ளி, கடைசிப் பாட்டு முடிந்ததும் அம்மாவும் ஊருக்கு வந்திருந்த தங்கையும் எழுந்தார்கள். நான் எழவில்லை. நைனா என்னைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் வரிசையில் உட்கார்ந்து கஞ்சி வாங்கிக் குடித்தேன். முடித்துவிட்டுப் போனபோது, அம்மாவையும் தங்கையையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெயிலில் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"உப்பு சரியா இருந்துச்சா?"

"கம்மிதான்."

"எப்பவும் கம்மியாத்தான் போடுவாங்களாம்," என்று சொல்லி வண்டியை உதைத்தார்.

இப்போதைய நிலை இது. அந்தக் குழு மூடிப் பல வருஷங்கள் ஆகின்றன. அதில் எழுதியவை எதுவும் எங்கும் இல்லை. என் கடிதத்தின் அச்சுப் பிரதி ஒன்று நைனாவின் வேதப் புத்தகத்தில் இருக்கிறது. அறுப்பின் பண்டிகையில் அவர் இன்றும் அந்தச் சாட்சியைச் சொல்கிறார். சந்தை இருக்கிறது, புளியமரம் இருக்கிறது, இடுப்பில் துண்டு கட்டுவதும் இருக்கிறது. ஏரியை மட்டும் சொல்வதில்லை. பெரிய வெள்ளி அன்று நான் கஞ்சி குடிக்கிறேன். அவர் குடிப்பதில்லை.