காப்பு கட்டிய கையில் கொலைக் கதை

மலேசியாவில் லாபு பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் குமுதவல்லி. அதனால் அவளுக்கு நல்லது எதுவும் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நாங்கள் இருவரும் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள். பத்து மணிக்குச் சோறு தின்றதும் நான் கைப்பேசியில் சீரியல் பார்ப்பேன். அவள் மர்ம நாவலை எடுப்பாள். அட்டையில் கத்தியோ பிணமோ இல்லாத புத்தகத்தை அவள் தொட்டு நான் பார்த்ததில்லை. சிரம்பானில் பழைய புத்தகக் கடைக்குப் போனால் பை நிறைய வாங்கி வருவாள். புருஷன் விட்டுப் போய் எட்டு வருஷம். காட்டில் வேலை வாங்கும் மண்டோர், வீட்டில் மாமியார், நாள் முழுக்க அவள் பெயரைக் கூப்பிடுகிற வாய்கள்தான்.

"புத்தகத்துக்குள்ள போயிட்டா என்னை யாரும் கூப்பிட முடியாது செல்லம்மா. கொலைகாரன் கதவுக்குப் பின்னால நிக்கறப்ப மண்டோர் யாரு, மாமியா யாரு?" என்பாள். பயந்துகொண்டே சிரிப்பாள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

இந்த வருஷ அம்மன் திருவிழாவுக்கு இருவரும் காப்பு கட்டினோம். மகள் ரோகினிக்குச் சுகப் பிரசவம் ஆனால் பால்குடம் எடுப்பதாகக் குமுதவல்லி வேண்டியிருந்தாள். பிள்ளையும் நல்லபடியாகப் பிறந்துவிட்டது. விரதத்தில் படம், சீரியல் பார்க்கக் கூடாது என்பது எங்கள் கோயில் கட்டு. புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இங்கே ஒருத்தி புத்தகம் படிப்பாள் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? ஏழாம் நாள் காட்டுப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த கோயில் தலைவர் திருச்செல்வம், அவள் மடியில் இரத்தம் சொட்டும் அட்டையைப் பார்த்துவிட்டார். விரதம் முடியும்வரை அதையும் விடச் சொன்னார்.

பத்தாம் நாள் காலை ஆற்றங்கரையில் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டுத்தான் குடத்தைத் தலையில் ஏற்றினார்.

"கட்டுப்படி இருந்தியா?"

"இருந்தேன் அண்ணே" என்றேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் குறுகுறுக்கவில்லை.

அடுத்து குமுதவல்லி.

"அந்தப் புத்தகத்த விட்டியா?"

"இல்லண்ணே. நேத்துகூட படிச்சேன்."

பின்னால் நின்றவள் அவள் இடுப்பைக் கிள்ளினாள். திருச்செல்வம் கெட்டவர் இல்லை, குரலைத் தணித்துக்கொண்டார். "விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு லா. குடத்த ஏத்திடறேன்."

"காப்பு கட்டிக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றீங்களா? நான் கொலை பண்ணல, படிச்சேன். அம்மாகிட்ட மறைக்க என்ன இருக்கு? அவ கையிலயும் சூலந்தான்."

"அப்ப உனக்குக் குடம் இல்ல."

அவள் வரிசையை விட்டு நகரவில்லை. கண் கலங்கியது, தலை குனியவில்லை. பேரப்பிள்ளைக்காக வேண்டிய பால் அது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேலா, என் மேலேயா, தெரியவில்லை.

என் தலையிலிருந்த குடத்தை இறக்கி அவர் காலடியில் வைத்தேன். "ஒன்பது நாளும் சீரியல் பார்த்தேன் அண்ணே. ஒரு நாள்கூட விடல."

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். வரிசையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. திருச்செல்வம் மட்டும் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் தன் பெண்டாட்டி புஷ்பவள்ளி முகத்தையும் பார்த்தார். அவள் சட்டென்று ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு குடத்தை எடுத்துக் குமுதவல்லியின் தலையில் வைத்தார். என்னுடையதை நானே தூக்கி வைத்துக்கொண்டேன்.